மெயிலின் சாயம் வெளுத்த பதினோரு நாள்

போன வியாழக்கிழமை மதியம் சாப்பிட உட்கார்ந்தேன், போன் அடித்தது. கல்லிடைக்குறிச்சி அப்பளக் கம்பெனியில் கணக்கு எழுதும் அக்கா.

"தம்பி, பாங்க்ல இருந்து ஒரு மெயில் வந்திருக்கு. கேஒய்சி முடியப்போவுதாம், இங்க அமுக்குன்னு போட்டிருக்கு. ஆனா பக்கத்துல கோணல் குறிக்குள்ள பாங்க் பேரே இல்ல. என்னமோ பூக்கடை பேரு மாதிரி நீளமா கிடக்கு. அழிச்சிரட்டா?"

"அழிச்சிருங்கக்கா" என்றேன். அன்றைக்கு ரசம் சோறு இன்னும் ஒரு கை கூடுதலாக இறங்கியது.

இதே அக்காதான் ஆடி மாதம் இதே மாதிரி ஒரு மெயிலை அமுக்கி, கம்பெனி மெயிலின் சாவியை யாருக்கோ கொடுத்துவிட்டுத் திகைத்து நின்றார். அதற்குப் பிறகு நான் செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வருகிற மெயிலில் இருக்கும் நிறம், படம், பொத்தான், கட்டம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, வெறும் எழுத்தாக மட்டும் காட்டும்படி ஒன்பது கம்ப்யூட்டர்களையும் மாற்றினேன். ஒரே நாள் வேலை என்று நினைத்துத்தான் ரயில் ஏறினேன். பதினோரு நாள் இழுத்துவிட்டது. வேறு யாராவது தங்கள் ஆபீஸில் இதைச் செய்யப் போனால் எங்கே இடறுவார்கள் என்று தெரியட்டும் என்றுதான் எழுதி வைக்கிறேன்.

நான் பாளையங்கோட்டைக்காரன். கம்ப்யூட்டர், பிரிண்டர், கேமரா என்று சின்ன ஆபீஸ்களில் எது படுத்தாலும் போய்ப் பார்ப்பது தொழில். செக்யூரிட்டி நிபுணன் இல்லை. கீபோர்டைத் தலைகீழாகத் தட்டினால் உளுந்து மாவு கொட்டும் ஆபீஸ் அது. அங்கே நிபுணர் வந்து உட்காரவும் மாட்டார்.

முதலில் நடந்தது என்ன என்றால், உளுந்து வாங்கும் விருதுநகர் கடையின் பெயரில் ஒரு மெயில். பழைய பாக்கிக் கணக்கைச் சரிபார்க்கவும் என்று இரண்டு வரி, கீழே நீல நிறத்தில் அந்தக் கடையின் வெப்சைட் முகவரி. அக்கா அதைத் தொட்டார். நம் மெயில் பெட்டியின் லாகின் பக்கம் வந்தது. பாஸ்வேர்டு போட்டார், தப்பு என்றது. மறுபடி போட்டார். இந்த முறை நிஜமான மெயில் பக்கத்துக்கே கொண்டுபோய் விட்டது. 'சர்வர் மெதுவா இருக்கு போல' என்று நினைத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்த்திருக்கிறார். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

ஒன்பதாம் நாள் மதுரை மொத்த வியாபாரி ஒருவர் முதலாளியைக் கூப்பிட்டு, "பாங்க் அக்கவுண்ட் மாத்திட்டீங்களா? மெயில் வந்துச்சே" என்று கேட்டார். அனுப்பியது நம் பெட்டியிலிருந்தே. லோகோ, அக்காவின் பெயர், அடியில் சிவப்பில் போடும் 'நன்றி, மீண்டும் வருக' வரை அச்சு அசலாக நம்முடையது. அக்கவுண்ட் நம்பர் மட்டும் வேறு. மதுரைக்காரர் கேட்டதால் பிழைத்தோம். போனில் கேட்காத இன்னொருவர் 64,500 ரூபாய் போட்டுவிட்டார். அன்று மாலையே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் போன் செய்து புகார் பதிந்தோம். ஆனால் பணம் போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. ஒரு பகுதியை எங்கோ நிறுத்தி வைத்திருப்பதாகத் தகவல் வந்தது, கைக்கு இன்னும் எதுவும் வரவில்லை.

என் முதல் தப்பு இங்கேதான். பாஸ்வேர்டை மாற்றினேன், அக்காவின் மெஷினை ஸ்கேன் செய்தேன், சுத்தம் என்று சொல்லிவிட்டுச் சாயங்கால பாசஞ்சரைப் பிடித்து ஊர் வந்தேன். மூன்றாம் நாள், அன்று காலைதான் நம் ஆபீஸுக்கு ஒருவர் அனுப்பிய ஆர்டரைப் பற்றி விவரமாகக் குறிப்பிட்டு அவருக்கே ஒரு போலி மெயில் போயிருக்கிறது. பாஸ்வேர்டு மாறிய பிறகும் எப்படிப் படிக்கிறான்?

ஹோஸ்டிங் கண்ட்ரோல் பேனலைத் திறந்து பார்த்தால், அந்தப் பெட்டிக்கு வரும் ஒவ்வொரு மெயிலும் இரண்டு வெளி முகவரிகளுக்குப் பிரதி போய்க்கொண்டிருந்தது. ஒன்று முதலாளியின் ஜிமெயில், அவரே கேட்டு நான் வைத்துக் கொடுத்தது. இரண்டாவதை முதல் நாளே பார்த்தேன். முதலாளியின் மகன் சென்னையில் இருக்கிறார், அவருடையதாக இருக்கும் என்று நானே முடிவு கட்டி விட்டுவிட்டேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பக்கத்திலேயே ஒரு ஃபில்டர். அதற்குப் பெயர்கூட இல்லை, வெறும் ஒரு புள்ளி. தலைப்பில் 'பாங்க்', 'பேமெண்ட்' என்று இங்கிலீஷில் இருந்தால், படித்ததாகக் குறித்து ஒரு மூலை ஃபோல்டருக்குத் தள்ளு என்று எழுதி வைத்திருந்தான். அந்த ஃபோல்டரில் நான்கு வாடிக்கையாளர்களின் சந்தேகக் கடிதங்கள் கிடந்தன. "அக்கவுண்ட் வேறயா இருக்கே, சரிதானா?" என்று கேட்டவர்கள். ஒருவருக்கும் பதில் போகவில்லை, போலி ஆளே பதில் போட்ட ஒருவரைத் தவிர. அவர்தான் அந்த 64,500.

ஆக, பாஸ்வேர்டு மட்டும் போதாது. அதை மாற்றிய கையோடு, பிரதி அனுப்பும் பார்வர்டரையும் ஃபில்டரையும் ஒவ்வொன்றாகப் பார்த்து அழிக்க வேண்டும். நான் பாஸ்வேர்டோடு நிறுத்திக்கொண்டேன்.

மெயிலைக் குடைந்து பார்த்தது

அந்த விருதுநகர் மெயிலை தண்டர்பேர்டு என்ற மெயில் மென்பொருளில் திறந்து கண்ட்ரோல் யூ அழுத்தினேன். மெயிலின் மூல வடிவம் அப்படியே தெரியும். உடல் முழுக்க பேஸ்64 என்னும் முறையில் குழம்பிக் கிடந்தது. பிரித்துப் படித்தால் மூன்று சங்கதிகள் கிடைத்தன.

ஒன்று, அந்த நீல முகவரி. நிறமும் படமும் போட்டு அலங்கரிக்கிற எச்டிஎம்எல் மெயிலில் இணைப்புக்கு இரண்டு முகம். கண்ணுக்குத் தெரியும் எழுத்து ஒன்று, தொட்டால் போகும் இடம் இன்னொன்று. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பஸ்ஸின் நெற்றியில் 'பாபநாசம்' என்று போர்டு மாட்டிக்கொண்டு வள்ளியூருக்கு ஓட்டுகிற கதை. போர்டைப் படித்து ஏறினவரைக் குறை சொல்ல முடியுமா?

இரண்டு, அடியில் ஒரு முழுப் பத்தி, வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்து, அளவு ஒன்று. மனிதக் கண்ணுக்குத் தெரியாது. குப்பை மெயிலைப் பிடிக்கும் ஃபில்டருக்கு இது ஏதோ சாதாரணக் கடிதம் என்று தோன்ற வைப்பதற்காகத் திணிப்பது.

மூன்று, அகலம் ஒன்று, உயரம் ஒன்று என்று ஒரே ஒரு புள்ளி அளவில் ஒரு படம். அது மெயிலுக்குள் இல்லை, வெளியே ஒரு சர்வரில் இருக்கிறது. முகவரியின் வாலில் நீளமாக ஒரு எண். மெயிலைத் திறந்து படம் இறங்கினால், அந்த எண்ணுக்குரிய ஆள் இத்தனை மணிக்கு, இந்த இன்டர்நெட் முகவரியிலிருந்து திறந்தார் என்று அங்கே பதிவாகிவிடும். யார் கடிதத்தைப் பிரிக்கிற ஆள் என்று தெரிந்துகொண்டால், அடுத்த தூண்டிலை அவருக்கே போடலாம்.

கடைசிச் சங்கதியை முதலாளி நம்பவில்லை. "மெயிலைத் தொறந்தா அவனுக்கு எப்படித் தெரியும்? கதை விடாத தம்பி" என்றார். சரி, செய்தே காட்டுவோம் என்று என் சொந்த ஹோஸ்டிங் இடத்தில் 43 பைட் எடையுள்ள ஒரு ஒற்றைப் புள்ளிப் படத்தைப் போட்டேன். ஒவ்வொருவருக்கும் முகவரி வாலில் ஒரு எண் கொடுத்து, ஆபீஸில் எல்லோருக்கும் ஒரு மெயில் தட்டினேன். தலைப்பு: 'தீபாவளி போனஸ் விவரம்'.

அந்தத் தலைப்பை வைத்திருக்கக் கூடாது. பேக்கிங் செக்‌ஷன் வரை சேதி பரவி, போனஸ் எவ்வளவு என்று முதலாளியைப் போய்க் கேட்டுவிட்டார்கள். "போனஸ நீ குடுக்கியா?" என்று அவர் என்னைப் பிடித்துக்கொண்டார். அது தனிக் கதை.

சோதனை என்னவோ பலித்தது. ஒரு மணி நேரத்தில் சர்வர் பதிவேட்டில் ஆறு வரிகள் விழுந்தன. நேரம் நொடி சுத்தமாக, ஆபீஸின் முகவரி, எந்த மெயில் மென்பொருள் என்பது வரை. தண்டர்பேர்டு வெளிப் படங்களைத் தானாக இறக்காது, மேலே ஒரு மஞ்சள் பட்டை காட்டிக் கேட்கும். ஆனால் அந்தப் பட்டையைப் பார்த்தாலே 'காட்டு' என்று தட்டுவது எல்லோருக்கும் கைப்பழக்கம் ஆகிவிட்டிருக்கிறது. முதலாளியின் போன் மட்டும் வேறு மாதிரி. ஜிமெயில் 2013 டிசம்பரிலிருந்து படங்களைத் தன் சர்வர் வழியாகத்தான் வாங்கிக் கொடுக்கிறது. அதனால் அவர் இருந்த இடம் என் பதிவேட்டில் இல்லை, கூகுளின் பெயர்தான் இருந்தது. திறந்த நேரம் மட்டும் இருந்தது: இரவு 11.52. "பதினொண்ணே முக்காலுக்கு மேல மெயில் பாக்கீங்க அண்ணாச்சி, மதினிக்குத் தெரியுமா?" என்றேன். அதற்கப்புறம் வேலைக்கு அனுமதி சுலபமாகக் கிடைத்தது.

கழற்றிய நாள்

ஒன்பது மெஷினில் ஐந்தில் தண்டர்பேர்டு, இரண்டில் அவுட்லுக், இரண்டில் பிரவுசர் வழியே மெயில் பார்க்கும் ரவுண்ட்க்யூப்.

தண்டர்பேர்டில் ஆல்ட் விசையைத் தட்டினால் மேலே மெனு வரும். வியூ, அதில் 'மெசேஜ் பாடி ஆஸ்', அதில் 'ப்ளெயின் டெக்ஸ்ட்'. அவ்வளவுதான், மெஷினுக்கு இரண்டு நிமிஷம். கூடவே செட்டிங்ஸில் 'முகவரிப் புத்தகத்தில் உள்ளவர்களுக்குப் பெயரை மட்டும் காட்டு' என்ற டிக்கை எடுத்துவிட்டேன். பெயர் என்பது அனுப்புகிறவன் எழுதிக்கொள்வது, யார் பெயரையும் எழுதலாம். முழு முகவரியும் கண்ணில் பட வேண்டும்.

அவுட்லுக்கில் கொஞ்சம் சுற்று வழி: ஃபைல், ஆப்ஷன்ஸ், ட்ரஸ்ட் சென்டர், அதன் செட்டிங்ஸ், ஈமெயில் செக்யூரிட்டி, அங்கே 'ரீட் ஆல் ஸ்டாண்டர்டு மெயில் இன் ப்ளெயின் டெக்ஸ்ட்'. ஒரு மெஷினில் இருந்தது அவுட்லுக் 2010. அதற்கு மைக்ரோசாஃப்ட் 2020 அக்டோபரிலேயே கை கழுவிவிட்டது. அதைத் தூக்கிவிட்டு தண்டர்பேர்டு போட்டேன். ஐமேப் இணைப்பு என்பதால் பழைய மெயில்கள் சர்வரிலேயே இருந்தன, இல்லாவிட்டால் அன்று ராத்திரி அங்கேயே படுத்திருப்பேன்.

மாற்றி முடித்ததும் அந்த விருதுநகர் மெயிலை அக்காவைக் கூப்பிட்டுத் திறக்கச் சொன்னேன். கடையின் முகவரி வந்தது. அதை ஒட்டி, கோணல் அடைப்புக்குறிக்குள், போகிற இடத்தின் முகவரியும் வந்தது. சம்பந்தமே இல்லாத ஒரு வெளிநாட்டுப் பெயர். இன்னும் கீழே வந்தால், ஒளிந்துகிடந்த வெள்ளைப் பத்தி கறுப்பு எழுத்தில் பளிச்சென்று நின்றது. ஏதோ கதைப் புத்தகத்தில் கிழித்த தாள் மாதிரி இங்கிலீஷ். புள்ளிப் படம் சுவடே இல்லை.

அக்கா இரண்டு நிமிஷம் பேசவில்லை. "இதுல எனக்கு இப்படித் தெரிஞ்சிருந்தா நான் அமுக்கியே இருக்க மாட்டேன்லா?" என்றார். அவர் மேல் தப்பே இல்லை என்று அதுவரை நான் பத்து தடவை சொல்லியிருப்பேன். அந்தத் திரைதான் அவருக்கு அதைச் சொன்னது.

சந்தோஷமாக ரயிலேறினேன். சேரன்மகாதேவி தாண்டும் முன்னே தூங்கிவிட்டேன்.

மறுநாள் காலை

ஒன்பதரைக்குள் எட்டு மிஸ்டு கால்.

முதல் பிரச்சினை தமிழ். அம்பாசமுத்திரத்தில் லேபிள் அடிக்கும் அச்சகத்துக்காரர் மேட்டரை மெயிலிலேயே பாமினி எழுத்துருவில் அடித்து அனுப்புவார். அக்காவும் கடைகளுக்கு அப்படித்தான் எழுதுவார். பாமினியில் உள்ளே இருப்பது வெறும் இங்கிலீஷ் எழுத்துகள்தான். எழுத்துரு அதன் மேல் தமிழ் முகமூடியைப் போடுகிறது. அலங்காரத்தைக் கழற்றியபோது எழுத்துருவின் பெயரும் சேர்ந்து போய்விட்டது. ஆக 'வணக்கம்' இருந்த இடத்தில் டி, இசட், எஃப், அரைப்புள்ளி, எஃப், கே, அரைப்புள்ளி. அச்சகத்தின் மெயில் முழுக்க இதே மாதிரி. "கம்ப்யூட்டருக்கு வைரஸ் வந்திட்டு" என்று முடிவு செய்து அந்த மெஷினை ஆஃப் பண்ணியே வைத்துவிட்டார்கள்.

இதற்கு நான் கண்டுபிடித்த புத்திசாலித்தனம் என்ன தெரியுமா? தண்டர்பேர்டில் வெறும் எழுத்தைக் காட்டும் எழுத்துருவையே பாமினி என்று மாற்றினேன். அச்சகத்து மெயில் அழகாகத் தமிழில் வந்தது. இங்கிலீஷ் மெயில்களும் தமிழில் வந்தன. 'தி' என்ற மூன்றெழுத்து இங்கிலீஷ் சொல் வருகிற இடமெல்லாம் 'வாந', 'வாந' என்று திரை நிறைய. அக்காவுக்கு நிஜமாகவே அது வரும்போலாகிவிட்டது. பத்து நிமிஷத்தில் பழையபடி மாற்றினேன்.

இரண்டாவது லாரி ஆபீஸ். சரக்கு எங்கே போகிறது என்று தினமும் ஒரு கட்டம் போட்ட பட்டியல் வரும். கட்டம் போனதும் எண்ணெல்லாம் ஒரே பத்தியாக ஒழுகி, எந்த எடை எந்த ஊருக்கு என்று யாருக்கும் புரியவில்லை.

மூன்றாவதுதான் ஆபத்தானது, அது நான்கு நாள் கழித்துத்தான் தெரிந்தது. சென்னையில் ஒரு கேட்டரிங்காரர் ஆப்பிள் மெஷினிலிருந்து ஆர்டர் அனுப்புவார். கடிதத்தின் நடுவே பிடிஎஃப் வைத்து அனுப்பும் பழக்கம். ஒரு மெயிலுக்குள் ஒரே கடிதம் இரண்டு வடிவில் இருக்கும், வெறும் எழுத்தாக ஒன்று, எச்டிஎம்எல்லாக ஒன்று. ஆப்பிள் மெயில் அந்த பிடிஎஃப்பை எச்டிஎம்எல் வடிவத்தின் பக்கமாக வைத்துக் கட்டுகிறது. நான் அந்தப் பக்கத்தையே பார்க்காதே என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஆகவே ஆர்டர் பிடிஎஃப் வந்ததே திரையில் இல்லை. 'இணைப்பைப் பார்க்கவும்' என்று ஒரு வரி, இணைப்பு இல்லை. மறந்துவிட்டார் போல என்று பேக்கிங் பையன் விட்டுவிட்டான். அவர் போன் போட்டுக் கத்தியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. 40 கிலோ ஆர்டர், பந்திக்கு இரண்டு நாள் பாக்கி. வெயில் காய்ந்தது, எப்படியோ போட்டு அனுப்பினார்கள். மழை பிடித்திருந்தால் என் தலைதான் உருண்டிருக்கும்.

அப்புறம் சில கம்பெனிகளின் மெயிலில் வெறும் எழுத்துப் பகுதி என்று ஒரே வரி, 'பிரவுசரில் பார்க்கவும்', கீழே மூன்று வரிக்கு நீண்ட முகவரி. அவர்களை என்ன செய்ய?

சரிசெய்த விதம்

ஆர்டர் வாங்கும் மெஷினையும் லாரி பட்டியல் வரும் மெஷினையும் 'சிம்பிள் எச்டிஎம்எல்' முறைக்கு மாற்றினேன். அதே மெனுவில் நடுவில் இருக்கிறது. நிறமும் அலங்காரமும் வெளிப் படமும் போய்விடும், கட்டமும் இணைப்புக் கோப்புகளும் நிற்கும். குறை என்னவென்றால், இணைப்பு முகவரியின் இரண்டாவது முகம் மறுபடி ஒளிந்துகொள்ளும். சுட்டியை அதன் மேல் வைத்தால் ஜன்னலின் அடியில் தெரியும். இந்த இரண்டு மெஷினிலும் பணம் சம்பந்தப்பட்ட மெயிலே வராதபடி முகவரிகளைப் பிரித்தேன். பணப் பேச்சு எல்லாம் அக்காவின் பெட்டிக்கு, அது கறாராக வெறும் எழுத்து.

பாமினிக்கு இந்த நடு முறையும் உதவவில்லை, எழுத்துருவின் பெயர் இங்கேயும் கழன்றுவிடுகிறது. வேறு வழியில்லை, எழுத்துரு போனாலும் தமிழாகவே நிற்கும் யூனிகோடுக்கு மாற வேண்டியதுதான். தமிழக அரசே 2010இல் யூனிகோடை ஏற்றுக்கொண்ட பிறகும் நம் ஊர் டிடிபி கடைகளில் பாமினியும் வானவில்லும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அக்கா பயந்தது விரல் பழக்கத்துக்கு. தமிழ்99 விசைப்பலகையைக் காட்டினேன், "இந்த வயசுலயா?" என்றார். அப்புறம் என்எச்எம் ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருளைப் போட்டு, பாமினி விசை அமைப்பிலேயே யூனிகோடு வரும்படி வைத்துக் கொடுத்தேன். விரல் அதே இடத்தில் தட்டுகிறது, விழுவது யூனிகோடு. அரை மணி நேரத்தில் அவருக்கு வித்தியாசமே தெரியவில்லை. அச்சகத்துக்காரர் மட்டும் மாற மாட்டேன் என்றார். இனிமேல் பிடிஎஃப்பாக அனுப்புங்கள் என்று பேசி முடித்தோம்.

ரவுண்ட்க்யூப் ஓடிய இரண்டு மெஷினுக்கும் செட்டிங்ஸில் 'எச்டிஎம்எல் காட்டு' என்ற டிக்கை எடுத்தேன், வெளிப் படத்துக்கு 'எப்போதும் வேண்டாம்' என்று வைத்தேன். ஆனாலும் மனசு ஒப்பவில்லை. 2023இல் இதே ரவுண்ட்க்யூபில் ஒரு ஓட்டை பிடிபட்டது. எச்டிஎம்எல் மெயிலுக்குள் எஸ்விஜி வகைப் படம் ஒன்றைச் செதுக்கி வைத்து அனுப்பினால், மெயிலைத் திறந்தாலே போதும், எதையும் அமுக்க வேண்டாம், உள்ளே இருக்கும் நிரல் பிரவுசரில் ஓடும். நிஜமான தாக்குதலிலேயே அதைப் பயன்படுத்தினார்கள். 1.6.4 பதிப்பில் அடைத்தார்கள். வெறும் எழுத்து என்றால் முழுக் காவல் என்றும் சொல்ல முடியாது. 2020இல் அதே மென்பொருளில் வெறும் எழுத்து மெயில் வழியாகவே நுழையும் ஓட்டை ஒன்று இருந்தது, எழுத்திலுள்ள முகவரியை இணைப்பாக மாற்றும் இடத்தில். ஹோஸ்டிங்காரரிடம் நம் சர்வரில் எந்தப் பதிப்பு என்று கேட்டேன். இரண்டு நாள் கழித்து, "லேட்டஸ்ட்தான் சார்" என்று பதில். எண்ணைச் சொல்லவே இல்லை. அந்த இரண்டு மெஷினுக்கும் தண்டர்பேர்டே போட்டுவிட்டேன்.

நாம் அனுப்புவது

இதை நான் முதலில் யோசிக்கவே இல்லை. ஆறாம் நாள்தான் உறைத்தது. வருகிற மெயிலுக்கு இவ்வளவு செய்கிறோம், நாம் அனுப்புவது எப்படி இருக்கிறது? 'சரி, அனுப்புங்க' என்று இரண்டு சொல் பதிலுக்குக் கீழே லோகோ, மூன்று நிறத்தில் முகவரி, ஓடுகிற நன்றி வாசகம். லோகோ 150 கேபி. மெயிலில் ஏறும்போது படக்கோப்பு மூன்றில் ஒரு பங்கு பெருகும், 200 கேபி தாண்டிவிடும். எடை கிடக்கட்டும். பத்து வருஷமாக வாடிக்கையாளர்களின் கண்ணை நாமே பழக்கி வைத்திருக்கிறோம்: இந்த மஞ்சள் லோகோ இருந்தால் அது கல்லிடைக்குறிச்சி மெயில் என்று. வந்தவன் அந்தக் கீழ்ப்பகுதியை அப்படியே நகலெடுத்தான். அவன் வேலையில் பாதியை நாமே முடித்துக் கொடுத்திருந்தோம்.

லோகோவை எடுக்க வேண்டும் என்றதும் முதலாளி கொதித்தார்.

"எங்கப்பா காலத்து லோகோய்யா அது. அத எடுத்துட்டு தந்தி மாதிரி அனுப்பச் சொல்லுதியே?"

"டப்பாவுல இருக்கட்டும் அண்ணாச்சி, அங்கதான் அதுக்கு வேலை. மெயில்ல அது நம்மளக் காட்டிக் குடுக்கு."

ஒரு டீ முடியும் வரை யோசித்தார். "சரி, பேரும் போன் நம்பரும் இருக்கட்டும்" என்றார். தண்டர்பேர்டில் அக்கவுண்ட் செட்டிங்ஸ், 'கம்போசிஷன்', அதில் எச்டிஎம்எல் டிக்கை எடுத்தேன். கையெழுத்து நான்கு வரி. இப்போது அதே 'சரி, அனுப்புங்க' 2 கேபி.

எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரு கடிதமும் போனது, தபாலில். இனி எங்கள் மெயிலில் படமோ பொத்தானோ வராது, வந்தால் எங்களுடையது இல்லை. அக்கவுண்ட் நம்பர் மாற்றம் என்று எது வந்தாலும் எங்கள் பழைய பில் புத்தகத்தில் இருக்கும் நம்பருக்குப் போன் செய்து கேளுங்கள், மெயிலில் இருக்கும் நம்பருக்கு அல்ல. 130 கடிதம். மெயில் பிரச்சினைக்குத் தபாலில் கடிதம் போட்டோம் என்று போஸ்ட் ஆபீஸில் சிரித்தார்கள்.

மெயில் நம் பெயரில் நிஜமாகவே நம்மிடமிருந்துதான் போகிறதா என்று சோதிக்கும் எஸ்பிஎஃப், டிகிம் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஒரு நண்பர் கேட்டார். இருக்கிறது. ஆனால் இந்தத் திருட்டு நடந்தது நம் சொந்தப் பெட்டிக்குள்ளிருந்து, நம் சொந்த சாவியோடு. அந்தச் சோதனை எல்லாவற்றிலும் அது பாஸ் ஆகியே போயிருக்கும்.

செலவும் மிச்சமும்

மென்பொருளுக்கு ஒரு பைசா இல்லை. பழைய மெயில்களை எடுத்து வைக்க இரண்டு பென் டிரைவ் 700 ரூபாய். தபாலும் கவரும் சேர்த்து 900 சொச்சம். நான் ஐந்து முறை போய்வந்தேன், ரயில் காசை அவர்களே கொடுத்தார்கள். எனக்குக் கூலி 4,000 பேசியிருந்தோம், 5,000 கொடுத்தார், கூடவே இரண்டு கட்டு பிரண்டை அப்பளம். போன 64,500க்கு எதிரே வைத்துப் பார்த்தால் மொத்தச் செலவு ஏழாயிரத்துக்குள்.

அடுத்த ஆபீஸில் செய்வதாக இருந்தால் ஒரே நாளில் ஒன்பதையும் மாற்ற மாட்டேன். முதலில் ஒரு வாரம் யார் யாரிடமிருந்து எப்படிப்பட்ட மெயில் வருகிறது என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்வேன்: கட்டம் உள்ளது, படத்தில் விலை அனுப்புகிறவர், பாமினிக்காரர், ஆப்பிள்காரர். அதைப் பார்த்துவிட்டுப் பணம் புழங்கும் மெஷின் ஒன்றை மட்டும் மாற்றி, ஒரு மாதம் விட்டுப் பார்ப்பேன். பார்வர்டர் பட்டியலைப் பிரிண்ட் எடுத்து முதலாளி கையில் கொடுத்து, ஒவ்வொன்றாக இது யார் என்று கேட்பேன். சோதனை மெயிலுக்குப் போனஸ் என்று தலைப்பு வைக்க மாட்டேன்.

போன் மட்டும்தான் இன்னும் மிச்சம். முதலாளி எல்லாவற்றையும் போனிலேயே பார்க்கிறார். ஜிமெயில் ஆப்பில் வெறும் எழுத்தாகக் காட்டு என்று ஒரு வழியே கிடையாது. படங்களை மட்டும் 'கேட்டுவிட்டுக் காட்டு' என்று வைத்தேன். இணைப்பைத் தட்டாமல் விரலை அழுத்திப் பிடித்தால் நிஜ முகவரி மேலே வரும் என்று சொல்லிக் கொடுத்தேன். நன்றாகவே பிடித்துக்கொண்டார், இப்போது எதைப் பார்த்தாலும் அழுத்திப் பிடிக்கிறார். நேற்று ராத்திரி போன்.

"தம்பி, நம்ம சொந்தத்துல காதுகுத்து. பத்திரிகை மெயில்ல வந்திருக்கு. மண்டபத்துக்கு வழின்னு ஒண்ணு போட்டிருக்காவ, அமுக்கிப் பிடிச்சா மண்டபம் பேரே இல்ல. வேற என்னமோ இருக்கு."

படித்துக் காட்டச் சொன்னேன். கூகுள் மேப்பின் சுருக்கு முகவரிதான். தட்டலாம் என்றேன்.

"எதுக்கு வம்பு" என்றார். "மச்சானுக்கே போன் போட்டு வழி கேட்டுக்கிடுதேன்."